மான் வேட்டைக்கு முதல் ஸ்கோப்: பெட்டியில் போட்டிருக்கும் எண்ணை நம்பி வாங்காதீர்கள்

டெக்சாஸ் வந்த புதிதில் ஹில் கன்ட்ரி பக்கம் காரில் போய்க்கொண்டிருந்தோம். வேலிக்கு அந்தப் பக்கம் புள்ளிமான் கூட்டம் ஒன்று மேய்ந்துகொண்டிருந்தது. கிண்டியில் கம்பிக்குப் பின்னால் நின்று பார்த்த அதே புள்ளிமான். கொஞ்ச தூரம் தள்ளி, முறுக்குக் கொம்போடு வெளிமானும் நின்றது. 1930களில் இங்கே கொண்டுவந்து விட்டவை, வேலி தாண்டிப் பெருகி, இன்று உள்ளூர் வெள்ளைவால் மானோடு தீனிக்குப் போட்டி போடுகின்றன. இந்தியாவில் 1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டப்படி வேட்டையாடவே கூடாத விலங்குகள். இங்கே உரிமமும் நிலக்காரர் அனுமதியும் இருந்தால் வருடம் முழுக்கச் சுடலாம். இதை ஜீரணிக்க எனக்கு இரண்டு வருடம் ஆனது. மூன்றாவது வருடம் அலுவலக நண்பர் ஒருவரோடு நானும் பரணில் ஏறி உட்கார்ந்துவிட்டேன்.

அதிலிருந்து ஒவ்வொரு செப்டம்பரிலும் இங்கிருக்கும் நம் பையன்கள் இரண்டு மூன்று பேராவது கேட்டுவிடுகிறார்கள்: "அண்ணே, ரைஃபிள் வாங்கிட்டேன், எந்த ஸ்கோப் போடட்டும்?" ஸ்கோப் என்றால், துப்பாக்கிமேல் மாட்டிக் குறிபார்க்கும் லென்ஸ் குழாய். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் போனில் சொல்வதற்குப் பதில், இங்கே மொத்தமாக எழுதிவிடுகிறேன்.

முதலில் நான் செய்த தப்பு. ஆன்லைன் தள்ளுபடியில் 130 டாலருக்கு 6-24×50 ஸ்கோப் ஒன்று கிடைத்தது. 24 மடங்கு பெரிதாகக் காட்டும், முன்பக்க லென்ஸ் 50 மில்லிமீட்டர், குறுக்குக் கோடு சிவப்பிலும் பச்சையிலும் ஒளிரும். இந்த விலைக்கு இவ்வளவா என்று துள்ளினேன். சுட்டுப் பழகும் மைதானத்தில் சுட்டுப் பார்த்துவிட்டு, 24இலேயே விட்டுவிட்டேன். மறுநாள் விடியற்காலை 60 கெஜத்தில் காட்டுப்பன்றி வந்து நின்றது. ஸ்கோப்பில் கண்ணை வைத்தால் கருப்பு மயிர்தான் தெரிந்தது. அது தோளா, தொடையா, பின்னால் இருந்த புதரா என்று புரியவில்லை. திருகிக் குறைப்பதற்குள் பன்றி போயேவிட்டது. அடுத்த வாரம் காகிதத்தில் சுட்டுப் பார்த்தால் குண்டெல்லாம் ஐந்து அங்குலம் வலப்பக்கம் தள்ளி விழுந்தன. பன்றி ஓடியதே நல்லது.

ஸ்கோப்புக்கு முன்னால்

ஸ்கோப் வாங்க உரிமம் எதுவும் வேண்டாம். ஆனால் அதை மாட்டப்போகும் துப்பாக்கி விஷயத்தில், எச்-1பி போன்ற குடியேற்றம் சாராத விசாவில் இருப்பவர்கள் கொஞ்சம் நிதானியுங்கள். அப்படிப்பட்டவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கக் கூட்டாட்சிச் சட்டம் பொதுவாகத் தடை விதிக்கிறது. செல்லுபடியாகும் அமெரிக்க வேட்டை உரிமம் வைத்திருப்பது அதற்கான விதிவிலக்குகளில் ஒன்று. டெக்சாஸில் அந்த உரிமம் ஆகஸ்ட் 31ஆம் தேதியோடு முடிந்துவிடும். புதுப்பிக்க மறந்தால் என்ன ஆகும் என்பதைக் குடியேற்ற வழக்கறிஞரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள், என்னிடம் கேட்காதீர்கள். 1971 செப்டம்பர் 2 அல்லது அதற்குப் பின் பிறந்தவர்களுக்கு வேட்டைப் பாதுகாப்புப் பயிற்சியும் கட்டாயம். இன்னொன்று: ரைஃபிள் ஸ்கோப் ஏற்றுமதிக் கட்டுப்பாட்டில் வரும் பொருள். ஊருக்குப் போகும்போது மச்சானுக்கு என்று பெட்டியில் போட்டுக்கொண்டு போகாதீர்கள்.

எவ்வளவு தூரத்தில் சுடப்போகிறீர்கள்?

கடைக்குப் போகும் முன் இந்தக் கேள்விக்கு விடை வேண்டும். ஹில் கன்ட்ரியில் பெரும்பாலும் பரணில் உட்கார்ந்து, மக்காச்சோளம் கொட்டும் தீனிப் பெட்டியைப் பார்த்தபடி காத்திருப்போம். தூரம் 80 கெஜம், 100, மிஞ்சினால் 150. பென்சில்வேனியா காடுகளில் இன்னும் குறைவு. மேற்கே வயோமிங், மொன்டானா போன்ற திறந்தவெளிகளில்தான் 300 கெஜம் என்ற பேச்சே வரும்.

100 கெஜத்துக்கு 24 மடங்கு எதற்கு? நான்கு மடங்கே போதும். வெள்ளைவால் மானின் நெஞ்சுக்கூட்டில் நாம் குறிவைக்கும் இடம் எட்டு அங்குலத்துக்குக் குறையாது. ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவு. நூறு கெஜத்துக்கு அப்பால் சாப்பாட்டுத் தட்டைப் பார்க்க தொலைநோக்கி மாதிரி ஒன்று தேவையில்லை.

எண்களைப் படிப்பது

3-9×40 என்று போட்டிருந்தால், மூன்றிலிருந்து ஒன்பது மடங்கு வரை மாற்றலாம், முன்பக்க லென்ஸின் விட்டம் 40 மில்லிமீட்டர் என்று அர்த்தம். அமெரிக்க மான் வேட்டைக்காரர்கள் காலங்காலமாக நம்பி வாங்கும் அளவு இது. மூன்றில் வைத்தால் 100 கெஜத்தில் சுமார் 33 அடி அகலக் காட்சி தெரியும். ஒன்பதில் 13 அடிதான். மிருகம் புதரிலிருந்து திடீரென வெளியே வரும்போது இந்த 33 அடிதான் கைகொடுக்கும். ஆகவே நடக்கும்போதும் காத்திருக்கும்போதும் ஸ்கோப்பை மூன்றிலோ நான்கிலோ வைத்திருங்கள். கூட்டுவதற்கு எப்போதும் நேரம் கிடைக்கும், குறைப்பதற்குத்தான் கிடைக்காது.

இப்போது ஒரு சின்ன வகுத்தல். லென்ஸ் அளவை மடங்கால் வகுத்தால், பின்பக்கமாக உங்கள் கண்ணுக்கு வரும் ஒளிக்கற்றையின் விட்டம் கிடைக்கும். 40ஐ 9ஆல் வகுத்தால் 4.4 மில்லிமீட்டர், 5ஆல் வகுத்தால் 8. இருட்டில் இளவயதுக்காரரின் கண்மணி ஏழு மில்லிமீட்டர் வரை விரியும், ஐம்பதைத் தாண்டியவருக்கு ஐந்தோ அதற்கும் குறைவோதான். கண்மணியைவிட ஒளிக்கற்றை சிறுத்துவிட்டால் காட்சி மங்கும். என் பழைய ஸ்கோப் 24இல் தந்தது இரண்டு மில்லிமீட்டர்தான். விடிந்தும் விடியாத நேரத்தில் பன்றி ஏன் வெறும் கரும்பூதமாகத் தெரிந்தது என்பது இப்போது விளங்கும்.

இது ஏன் முக்கியம் என்றால், டெக்சாஸில் சூரிய உதயத்துக்கு அரைமணி நேரம் முன்பிருந்து அஸ்தமனத்துக்கு அரைமணி நேரம் பின்பு வரைதான் மான் வேட்டை அனுமதி. மான்கள் வெளியே வருவதும் அந்தக் கருக்கல் நேரத்தில்தான். அந்த நேரத்தில் 56 மில்லிமீட்டர் லென்ஸ் வேண்டும் என்று விற்பனையாளர் சொல்வார். வேண்டாம். 40ஐ வைத்துக்கொண்டு மடங்கை ஐந்துக்கு இறக்கினாலே உங்கள் கண்ணால் வாங்க முடிந்த ஒளி முழுக்க வந்துவிடும். பெரிய லென்ஸ் என்றால் ஸ்கோப்பை உயரமாக மாட்ட வேண்டும், கன்னம் துப்பாக்கியின் கட்டையில் சரியாகப் படியாது, எடையும் ஏறும்.

லென்ஸின் பூச்சு பற்றி ஒரே வரி: "ஃபுல்லி மல்டி-கோட்டட்" என்று எழுதியிருக்க வேண்டும். பூச்சில்லாத கண்ணாடி ஒவ்வொரு பரப்பிலும் சுமார் நான்கு சதவீத ஒளியைத் திருப்பி அனுப்பிவிடும். ஸ்கோப்புக்குள் அப்படிப் பல பரப்புகள் இருக்கின்றன. அப்புறம் குழாய். ஒரு அங்குலம், 30 மில்லிமீட்டர் என்று இரண்டு அளவு பரவலாக உண்டு. 30 என்றால் அதிக வெளிச்சம் என்பது கடைப்பேச்சு. குறியைச் சரிசெய்யும் திருகுகளுக்கு உள்ளே நகர இடம் கூடுதல், அவ்வளவுதான். மான் வேட்டைக்கு ஒரு அங்குலம் தாராளம்.

குறுக்குக் கோட்டில் ட்யூப்ளெக்ஸ் எடுங்கள். ஓரத்தில் தடித்து நடுவில் மெலிந்திருக்கும் அந்த வடிவத்தை லூபோல்ட் நிறுவனம் 1962இல் கொண்டுவந்தது. அரையிருட்டில் தடித்த கோடுகள் கண்ணை நடுவுக்கு இழுத்துவிடும். கீழே வரிசையாகப் புள்ளிகள் வைத்த தூரக் குறிகளும் கிடைக்கும். சாதாரண வேட்டை ஸ்கோப்பில் அந்தக் குறிகள் ஒரே ஒரு மடங்கில்தான், பெரும்பாலும் உச்ச மடங்கில்தான், கணக்குக்குச் சரியாக வரும். பதற்றத்தில் இதை நினைவில் வைத்திருப்போமா என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். நான் வைத்திருக்க மாட்டேன்.

உள்ளே என்ன நடக்கிறது

கண்ணாடி எவ்வளவு தெளிவு என்பதைக் கடையிலேயே பார்த்துவிடலாம். ஆனால் ஸ்கோப் வைத்த இடத்தில் நிற்குமா என்பதைப் பார்க்க முடியாது. காசு கொடுக்க வேண்டியது இந்த இரண்டாவதற்குத்தான்.

ஸ்கோப்பின் வெளிக்குழாய்க்குள் இன்னொரு சிறு குழாய் இருக்கிறது. மேலேயும் பக்கவாட்டிலும் உள்ள திருகுகளைத் திருப்பும்போது அவை இந்தச் சிறு குழாயைத் தள்ளுகின்றன. எதிர்ப்பக்கமிருந்து ஒரு வில் அதைத் திருகோடு சேர்த்து அழுத்திப் பிடிக்கிறது. ஒவ்வொரு முறை துப்பாக்கி உதைக்கும்போதும் இந்த வில்லும் சேர்ந்து அடி வாங்குகிறது. மலிவான ஸ்கோப்பில் வில் தளரும், இல்லையென்றால் குழாய் சிக்கிக்கொள்ளும். நாலு க்ளிக் திருப்பினாலும் ஒன்றும் நகராது. அடுத்த குண்டின் உதையில் திடீரென நகர்ந்துவிடும். பழைய ஆட்கள் திருகைத் திருப்பிய பிறகு நாணயத்தால் இரண்டு தட்டு தட்டுவதைப் பார்த்திருக்கிறேன். மூடநம்பிக்கை என்று நினைத்தேன். சிக்கிய குழாயை உலுக்கி விடுவதற்காம்.

இரண்டாவது, ஈரம். நல்ல ஸ்கோப்பின் உள்ளே காற்றை எடுத்துவிட்டு நைட்ரஜனையோ ஆர்கானையோ அடைத்து மூடியிருப்பார்கள். உள்ளே பனி படியாது. லூபோல்ட் நிறுவனம் தன் பிறப்புக் கதையாகச் சொல்வதே இதைத்தான். நில அளவைக் கருவி செய்துகொண்டிருந்த குடும்பம் அது. அவர்களில் ஒருவர் மான் வேட்டைக்குப் போனபோது ஸ்கோப்புக்குள் பனி படிந்து மானைத் தவறவிட்டாராம், கோபத்தில் தாமே செய்ய ஆரம்பித்து 1947இல் முதல் ஸ்கோப்பை வெளியிட்டார்களாம். ஏசி போட்ட வண்டியிலிருந்து இறங்கியதும் லென்ஸின் வெளிப்பக்கம் ஆவி படிந்தால் அதற்கு ஸ்கோப் பொறுப்பல்ல. மூக்குக்கண்ணாடி போட்டவர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை.

எவ்வளவு செலவழிப்பது?

துப்பாக்கி விலைக்குச் சமமாக ஸ்கோப்புக்கும் செலவழி என்று ஒரு பழைய வாக்கு உண்டு. புதியவர்களுக்கு அது தேவையில்லாத பயமுறுத்தல். இன்றைய நிலையில் 200 முதல் 400 டாலர் வரம்பில் நம்பகமான 3-9×40 கிடைக்கிறது. லூபோல்ட் விஎக்ஸ்-ஃப்ரீடம், ஒரிகன் மாநிலத்தில் செய்வது, சுமார் 350 கிராம்தான் எடை. வோர்டெக்ஸில் க்ராஸ்ஃபயர், டயமண்ட்பேக் என்று இரண்டு வரிசை; முடிந்தால் இரண்டாவதை எடுங்கள். பர்ரிஸ் ஃபுல்ஃபீல்டும் உழைக்கும். நூறு டாலருக்குக் கீழே இறங்கினால் அந்த வில்லில்தான் கைவைத்திருப்பார்கள். ஆயிரத்துக்கு மேலே ஐரோப்பிய ஸ்கோப்கள் அழகுதான்; அந்தி மங்கும் கடைசிப் பத்து நிமிடத்தில் வித்தியாசம் தெரியும். முதல் ஸ்கோப்புக்கு வேண்டாம். மிச்சக் காசில் தோட்டா வாங்கிச் சுட்டுப் பழகுங்கள்.

உத்தரவாதத்தையும் பாருங்கள். லூபோல்ட், வோர்டெக்ஸ் இரண்டுமே வாழ்நாள் உத்தரவாதம் தருகின்றன, அதுவும் ஸ்கோப்போடு கைமாறும்; ரசீது கேட்பதில்லை. அதனால் இவற்றைப் பழையதாக வாங்குவதுகூட நல்ல பேரம்தான். ஆனால் பெயர்பெற்ற கம்பெனிகளுக்குப் போலிகள் உலவுகின்றன. புதிய லூபோல்டை யாராவது பாதி விலைக்குக் கொடுத்தால், வரிசை எண்ணைக் கம்பெனியிடம் சரிபார்க்காமல் காசை எடுக்காதீர்கள். ஒரு காலத்தில் எல்லோரும் கைகாட்டியது நிக்கானைத்தான். அந்தக் கம்பெனி இந்தத் தொழிலையே விட்டுவிட்டது. பழைய நிக்கான் கண்ணில் பட்டால் இதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

கடையில்

மத்தியானம் போகாதீர்கள், சாயங்காலம் போங்கள். கடைக்குள் இருக்கும் ட்யூப்லைட்டில் எல்லா ஸ்கோப்பும் அழகாகத்தான் தெரியும். வாசலுக்குக் கொண்டுபோய்ப் பார்க்கலாமா என்று கேளுங்கள். ஸ்கோப் தனியாக இருந்தால் பெரும்பாலும் சரி என்பார்கள். மர நிழலுக்குள் உற்றுப் பாருங்கள், இலை தனித்தனியாகத் தெரிகிறதா? காட்சியின் ஓரம் கலங்குகிறதா? தலையை லேசாக ஆட்டுங்கள். மயிரிழை நகர்ந்ததும் காட்சி கறுத்துப் போனால் அந்த ஸ்கோப்போடு பரணில் சிரமப்படுவீர்கள். திருகைத் திருப்புங்கள். ஒவ்வொரு க்ளிக்கும் விரலுக்குத் தனியாகத் தெரிய வேண்டும், மாவில் கரண்டி விட்டது மாதிரி வழவழவென்று போகக் கூடாது.

கண்ணுக்கும் ஸ்கோப்புக்கும் உள்ள இடைவெளி மூன்றரை அங்குலத்துக்குக் குறையவே கூடாது, நான்கு இருந்தால் நிம்மதி. குறைந்தால் உதையில் ஸ்கோப்பின் விளிம்பு புருவத்தில் வந்து இடிக்கும். மைதானத்தில் புருவத்துக்கு மேல் பிறைபோலத் தழும்பு உள்ளவர்களைப் பார்த்தால் என்ன நடந்திருக்கும் என்று கேட்கவே வேண்டாம்.

மாட்டுவது

இதில்தான் நான் இரண்டாவது முறை தப்பு செய்தேன். ஐந்து அங்குலம் விலகிய கதை சொன்னேன் அல்லவா? நண்பர் வந்து பார்த்தார். ஸ்கோப்பைத் துப்பாக்கியோடு பிடித்துவைக்கும் வளையமான ரிங்கின் இரண்டு திருகுகள் விரலாலேயே சுழன்றன. என் கைவேலை. இறுக்கிய பிறகு இன்னொரு சோதனை செய்தோம்: ஒரே இடத்தைக் குறிவைத்து ஒரு குண்டு, 20 க்ளிக் மேலே ஏற்றி ஒன்று, 20 வலது, 20 கீழே, 20 இடது என்று சுற்றிவந்து கடைசி குண்டு. அது முதல் குண்டின் பக்கத்தில் விழ வேண்டும். என் 130 டாலர் ஸ்கோப்பில் நான்கு அங்குலம் தள்ளி விழுந்தது. ஆக, பழி எனக்குப் பாதி, அதற்குப் பாதி. உங்கள் ஸ்கோப்பையும், திருப்பிக் கொடுக்கும் கெடு முடியும் முன்பே இப்படிச் சுட்டுப் பார்த்துவிடுங்கள்.

துப்பாக்கியில் தோட்டா இல்லை என்பதைக் கண்ணாலும் விரலாலும் உறுதி செய்துகொண்டு ஆரம்பியுங்கள். உங்கள் ரைஃபிள் மாடலுக்கான பேஸ் (ரிங்கைத் தாங்கும் அடித்தட்டு), ஸ்கோப் குழாய்க்குப் பொருந்தும் ரிங், இரண்டும் நல்லதாக இருக்கட்டும். இங்கே இருபது டாலர் மிச்சம் பிடிப்பது புத்திசாலித்தனம் அல்ல. திருகுகளின் எண்ணெயைத் துடைத்துவிடுங்கள். எவ்வளவு இறுக்குகிறோம் என்பதை அங்குல-பவுண்டில் அளக்கும் டார்க் ரெஞ்ச் ஒன்று வாங்குங்கள். ரிங் திருகுகளுக்குப் பெரும்பாலும் 15 முதல் 18 வரை சொல்லியிருப்பார்கள். உங்கள் ரிங் பெட்டியில் வேறு எண் இருந்தால் அதுதான் வேதம். பக்கத்துக்குப் பக்கம் மாற்றி மாற்றி, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள்.

இறுக்கும் முன் இரண்டு வேலை. வேட்டைக்குப் போடும் தடித்த ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு, ஸ்கோப்பை உச்ச மடங்கில் வைத்து, கண்ணை மூடித் துப்பாக்கியைத் தோளில் பதித்து, பிறகு கண்ணைத் திறங்கள். முழு வட்டமும் தெரியும்வரை ஸ்கோப்பை முன்னும் பின்னும் நகர்த்துங்கள். அடுத்து, கொல்லைப்புறத்தில் கொத்தனார் மாதிரி ஒரு தூக்குக்குண்டு கட்டித் தொங்கவிடுங்கள். துப்பாக்கியை மட்டமாக வைத்து, குறுக்குக் கோட்டின் நெடுங்கோடு அந்த நூலோடு ஒட்டிப் போகிறதா பாருங்கள்.

சீரோ செய்வது

சீரோ என்றால், ஸ்கோப்பின் குறியும் குண்டு விழும் இடமும் ஒத்துப்போகும்படி திருகைச் சரிசெய்வது. 100 கெஜத்தில் நேராக ஆரம்பித்தால் குண்டு காகிதத்திலேயே விழாமல், தோட்டாப் பெட்டி காலியாகும். 25 கெஜத்தில் தொடங்குங்கள். போல்ட் ரைஃபிள் என்றால், குழலின் பின்வாயை மூடும் போல்ட்டைக் கழற்றி, குழல் வழியாக இலக்கைப் பாருங்கள். குழலின் நடுவில் இலக்கு இருக்கும்போது ஸ்கோப்பின் கோடும் அங்கே வரும்படி திருகுங்கள். அப்புறம் ஒரு குண்டு.

பெரும்பாலான அமெரிக்க வேட்டை ஸ்கோப்பில் ஒரு க்ளிக் என்பது கால் எம்ஓஏ. எம்ஓஏ என்பது ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு. 100 கெஜத்தில் அது ஒரு அங்குலம் என்று வைத்துக்கொள்ளலாம். ஆக ஒரு க்ளிக் 100 கெஜத்தில் கால் அங்குலம் நகர்த்தும். 25 கெஜத்தில் அதில் நான்கில் ஒரு பங்குதான், அதனால் ஒரு அங்குலம் நகர்த்த 16 க்ளிக் வேண்டும். இங்கேதான் எல்லோரும் நாலு க்ளிக் திருப்பிவிட்டு "ஸ்கோப் வேலை செய்யல" என்பார்கள்.

பிறகு 100 கெஜம். மணல் மூட்டைமேல் வைத்து மூன்று குண்டு. ஒரு குண்டைப் பார்த்துத் திருகாதீர்கள். மூன்றும் விழுந்த கூட்டத்தின் நடுவைப் பார்த்துத் திருகுங்கள். குழல் ஆறட்டும், டீ குடித்துவிட்டு அடுத்த மூன்று. .308, .270, .30-06 போன்ற வழக்கமான தோட்டாக்களுக்கு, 100 கெஜத்தில் ஒன்றரை முதல் இரண்டு அங்குலம் மேலே அடிக்கும்படி விட்டால் 200 கெஜத்தில் ஏறக்குறைய குறியிலேயே விழும். இடையில் எந்தத் தூரத்திலும் திருகைத் தொட வேண்டியதில்லை. 200 கெஜத்தில் சுட இடம் இருந்தால் அங்கேயும் சுட்டு உறுதி செய்யுங்கள். வேட்டைக்கு எந்தத் தோட்டாவோ அதே கம்பெனி, அதே எடை. மைதானத்துக்கு மலிவாக ஒன்று, மானுக்கு வேறொன்று என்று மாற்றினால் எல்லாம் வீண்.

பரணில் உட்கார்ந்ததும் ஒரு ஆசை வரும்: தூரத்தில் ஏதோ அசைகிறது, ஸ்கோப்பில் பார்ப்போமே என்று. பார்க்கவே பார்க்காதீர்கள். ஸ்கோப்பை எங்கே திருப்புகிறீர்களோ அங்கேதான் குழலும் திரும்பும். அசைந்தது பக்கத்து நிலக்காரராக இருக்கலாம். அதற்கு 8×42 பைனாகுலர் ஒன்று கழுத்தில் தொங்கட்டும்.

சீரோ ஆனதும் தேதி, தோட்டா, எத்தனை அங்குலம் மேலே என்பதை ஒரு சிறு டேப்பில் எழுதிக் கட்டையின் உட்பக்கம் ஒட்டிவிடுங்கள். அடுத்த பருவம் தொடங்குவதற்கு இரண்டு வாரம் முன்பு அந்த டேப்பைப் பார்த்து மூன்று குண்டு சுட்டால், வருடம் முழுக்க அலமாரியில் கிடந்த ஸ்கோப் நகர்ந்ததா இல்லையா என்று தெரிந்துவிடும்.